அச்சு மாறினால் ஆவணமும் மாறுமா? மாதவரத்தை முன்வைத்து விக்கிப்பீடியா வார்ப்புருக்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளில் வழக்கிழந்த பக்க வார்ப்புருக்களை நீக்குவதும் மாற்றுவதும் பொதுவாகத் தொழில்நுட்பப் பராமரிப்பாகக் கருதப்படுகின்றன. அவை பதிப்பியல் சார்ந்த செயல்கள் என்பதையும், பழைய பதிவுகளின் நம்பகத்தன்மையைப் பாதிப்பவை என்பதையும் மாதவரத்தின் ஆட்சி எல்லை மாற்றங்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வார்ப்புரு, மீடியாவிக்கி, தமிழ் விக்கிப்பீடியா, மாதவரம், பதிப்பியல், திருத்த வரலாறு.

முன்னுரை

2003-இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியா 2017-இல் ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. ஊர் வரலாறு எழுதப் புகும் ஆய்வாளர் பலருக்கும் அதுவே இன்று முதற்படியாக உள்ளது. அதிலுள்ள தகவல் சரியானதா, அதற்குச் சான்று உண்டா என்னும் வினாக்களை நாம் எழுப்பிப் பழகியுள்ளோம். அத்தகவல் எந்தச் சட்டகத்துள் வைத்துத் தரப்படுகிறது, அச்சட்டகம் எப்போது உருவானது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. இக்கட்டுரை அவ்விரண்டையும் எடுத்துக்கொள்கிறது.

வார்ப்புரு: சொல்லும் செயலும்

மீடியாவிக்கி மென்பொருளில் டெம்ப்ளேட் எனப்படுவதைத் தமிழ் விக்கிப்பீடியர் வார்ப்புரு என வழங்குகின்றனர். எண்ணூர், திருவொற்றியூர் முதலிய தொழிற்பகுதிகளை அறிந்தோர்க்கு வார்ப்பு அயலான தொழிலன்று. அச்சில் உலோகக் குழம்பை ஊற்றுவர். இறுகிய பொருள் வெளிவந்தபின் அச்சை உடைத்தாலும் திருத்தினாலும் அப்பொருளுக்கு ஒன்றும் நேர்வதில்லை.

விக்கியின் வார்ப்புரு இதற்கு மாறாக இயங்குகிறது. கட்டுரைப் பக்கத்தில் வார்ப்புருவின் பெயரும் அதில் நிரப்பவேண்டிய விவரங்களும் மட்டுமே சேமிக்கப்படுகின்றன. பக்கம் உருப்பெறும்போது, அவ்வேளையில் நடப்பிலுள்ள வார்ப்புரு அழைக்கப்பெற்று அவ்விவரங்கள் அதனுள் பொருத்தப்படுகின்றன. எனவே அச்சைத் திருத்தினால், அதிலிருந்து முன்னரே வார்த்த பொருள்கள் யாவும் உருமாறுகின்றன. ஒரே திருத்தத்தால் பன்னூறு பக்கங்களைச் சீராக்க முடிவது இதன் வலிமை. அவ்வலிமையே சிக்கலுக்கும் ஊற்றாகிறது.

ஓர் ஊர், மூன்று நிலைகள்

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது மாதவரம், திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு நகராட்சி. அக்கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 1,19,105. அதே ஆண்டு அக்டோபரில் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சி அமைப்புகள் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. மாதவரம் அதன் 3-ஆம் மண்டலமாயிற்று. மாவட்ட எல்லை உடன் மாறவில்லை. 2018-இல்தான் மாதவரம் வட்டம் சென்னை மாவட்டத்துள் வந்தது. ஆகவே இடைப்பட்ட ஏழாண்டுகள் இவ்வூர் உள்ளாட்சியால் சென்னையாகவும் மாவட்டத்தால் திருவள்ளூராகவும் இருந்தது.

ஊர்ப் பக்கத்தின் தகவற்பெட்டியில் 'மாவட்டம்' என்னும் கட்டம் ஒன்றே இருக்குமாயின், காலக் குறிப்பின்றி இம்மூன்று நிலைகளையும் சொல்ல வழியில்லை. நகராட்சிக்குரிய வார்ப்புரு நகராட்சித் தலைவரின் பெயரைக் கேட்கும். மாநகரப் பகுதிக்குரிய வார்ப்புருவில் அக்கேள்விக்கே இடமிராது. முன்னதை அகற்றிப் பின்னதைப் பொருத்துவது இன்றைய நிலைக்குச் சரியான திருத்தமே. எனினும், இவ்வூர் தனக்கெனத் தனி நகர்மன்றம் கொண்டிருந்தது என்னும் குறிப்பு அத்திருத்தத்தோடு பெட்டியிலிருந்து மறைகிறது.

வெற்றுக் கட்டங்களின் நிலையும் கருதத்தக்கது. நிரப்பப்படாத கட்டத்தை வாசகர் கண்ணுக்குக் காட்டாமல் விடுவது தகவற்பெட்டிகளின் பொது இயல்பு. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை சென்னை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. அக்காலத்திற்கு மேயர் என்னும் கட்டம் வெறுமையாகக் காட்டப்பட்டிருந்தால் அவ்வெறுமையே ஒரு வரலாற்றுச் சான்றாகும். கட்டத்தையே மறைக்கும் வடிவமைப்பு, இல்லாமையையும் இல்லாததாக்கிவிடுகிறது.

பழைய திருத்தங்களின் நம்பகத்தன்மை

மேற்கூறிய இழப்புகளைத் திருத்த வரலாறு ஈடுசெய்யும் என்று வாதிடலாம். ஒவ்வொரு பக்கத்தின் முந்தைய வடிவங்களும் சேமிக்கப்பட்டிருப்பது உண்மையே. எனினும் மீடியாவிக்கியில் ஒரு பக்கத்தின் 2010-ஆம் ஆண்டு வடிவத்தைத் திறந்தால், கட்டுரையின் உரை மட்டுமே அன்றையதாக இருக்கும். அதனைச் சூழ்ந்த வார்ப்புரு இன்றையதாக இருக்கும். வார்ப்புருவில் ஒரு கட்டத்தின் பெயர் மாறியிருந்தால் அன்று நிரப்பிய விவரம் தோன்றாமற்போகலாம். வார்ப்புரு நீக்கப்பட்டிருந்தால் பெட்டி இருந்த இடத்தில் சிவப்பு நிற இணைப்பு ஒன்றே எஞ்சும்.

ஆய்வேட்டில் நாம் தரும் நிலையான இணைப்பும் இதற்கு விலக்கன்று. மேற்கோள் காட்டியவர் கண்ட பக்கத்தை, சரிபார்க்க வருபவர் காணாமற்போகலாம். ஏட்டுச்சுவடியில் பாடம் வேறுபட்டால் வேறுபாட்டையாவது நாம் அறிகிறோம். பாடபேதங்களைக் குறித்துக்காட்டும் ஒழுங்கை உ.வே.சாமிநாதையர் முதலியோரின் பதிப்புகள் நமக்குக் கற்பித்துள்ளன. இங்கோ பாடம் மாறியதற்கான குறிப்பு அப்பக்கத்தின் வரலாற்றில் பதிவாவதில்லை; வார்ப்புருவின் தனி வரலாற்றுப் பக்கத்தைத் தேடிச் சென்றாலன்றி அது புலப்படாது.

செய்யத்தக்கன

முதலாவதாக, வழக்கிழந்த வார்ப்புருவை நீக்குவதற்கு மாற்றாக, அது வழங்கிய காலத்தையும் அதனிடத்து வந்த புதிய வார்ப்புருவின் பெயரையும் குறித்து, புதிய பக்கங்களில் பயன்படுத்தலாகாது என்னும் அறிவிப்புடன் பேணலாம். ஒன்றை மற்றொன்றுக்கு வழிமாற்றுவது இரண்டின் கட்டங்களும் ஒத்திருக்கும்போது மட்டுமே பொருந்தும். இரண்டாவதாக, ஆட்சி எல்லை போன்ற மாறும் செய்திகளைத் தொடக்கக் காலமும் முடிவுக் காலமும் சேர்த்துப் பதியவேண்டும். விக்கித்தரவில் இதற்கான வசதி உண்டு. மூன்றாவதாக, ஆய்வாளர் தாம் கண்ட பக்கத்தின் படியை இணைய ஆவணகத்தில் சேமித்து, அதன் நாளையும் மேற்கோளில் தரவேண்டும்.

இவற்றுக்கு எதிரான ஒரு வாதம் வலுவானது. வார்ப்புருக்களைப் பராமரிப்போர் ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர். பழையன மலிந்தால் புதியவர் எதைப் பயன்படுத்துவது எனக் குழம்புவர். இதனை மறுக்க இயலாது. எனினும் குழப்பத்தைத் தருவது பழைய வார்ப்புரு நடப்புப் பக்கங்களில் தொடர்ந்து அழைக்கப்படுவதே. எந்த நடப்புப் பக்கமும் அழைக்காத, தெளிவாகக் குறியிடப்பட்ட வார்ப்புருவால் வரும் சுமை சிறிது. அதே வேளையில், பேணப்பட்ட வார்ப்புருவும் தன்னுள் வேறு வார்ப்புருக்களையும் நிரல்களையும் அழைக்கக்கூடும். அவை மாறினால் அதுவும் மாறும். முதலாவது பரிந்துரை மட்டும் போதாமையும் மூன்றாவது இன்றியமையாததாவதும் இதனாலேயே.

முடிவுரை

வார்ப்புரு என்பது ஓர் ஊரிடம் எவற்றைக் கேட்கலாம் என முன்கூட்டியே வகுத்த வினாநிரல். வினாநிரலை மாற்றுவோர், முன்னர் அளிக்கப்பட்ட விடைகளின் தோற்றத்தையும் மாற்றுகின்றனர். ஆதலின் அச்செயலுக்குப் பதிப்பாசிரியரின் பொறுப்பு வேண்டும். தமிழ் இணைய ஆய்வுகள் இதுவரை கட்டுரைகளின் எண்ணிக்கைக்கும் உள்ளடக்கத்திற்கும் தந்த கவனத்தில் ஒரு பகுதியையேனும் வார்ப்புருக்களின் திருத்த வரலாற்றுக்குத் தரவேண்டும். மாதவரம் 2011 வரை தனி நகராட்சியாக இருந்தது என்பதை நாளைய மாணவர் ஒருவர் அவ்வூர்ப் பக்கத்தின் பழைய வடிவத்திலிருந்தே அறிய இயலுமா என்பது, இன்று நாம் எதை நீக்குகிறோம், எதைக் குறியிட்டுப் பேணுகிறோம் என்பதைப் பொறுத்தது.