கோச்சாரைச் சுற்றிவந்து பாருங்கள்

எர்வந்த் கோச்சார் என்று ஆரம்பித்தாலே, "நவீனக் கலையா, நமக்கு ஒத்துவராது" என்று விலகிவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக வருகிறது. இந்த ஆர்மீனியச் சிற்பியை ரசிக்கக் கலைப்படிப்பு எதுவும் வேண்டாம். ஒரே இடத்தில் நிற்காமல் இருந்தால் போதும்.

வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1899இல் இன்றைய திபிலிசியில் பிறந்தார். 1923இல் பாரிஸ் போனார், 1936இல் சோவியத் ஆர்மீனியாவுக்குத் திரும்பினார். 1941இல் கைது, சிறை. 1979இல் மறைந்தார்.

இனி முக்கியமான விஷயம். பாரிஸில் அவர் 'இடவெளியில் ஓவியம்' என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார். உலோகத் தகடுகளை வளைத்து, ஒன்றையொன்று ஊடுருவும்படி நிறுத்தி, அவற்றின்மேல் தீட்டினார். இதை 'வண்ணம் பூசிய சிற்பம்' என்று எழுதுகிற விமர்சகர்கள் அதன் எதிரில் ஐந்து நிமிடம்கூட நின்றிருக்க மாட்டார்கள். சிற்பத்துக்குக் கனம் உண்டு, உள்ளே நிறைவு உண்டு. நாம் பார்ப்பது அதன் தோலை. கோச்சாரின் தகட்டுக்கு உள்ளே என்று எதுவும் இல்லை. இங்கிருந்து பார்த்தால் தோள். இரண்டடி நகருங்கள், அது மெலிந்து வெறும் கோடாகிவிடும். பின்னாலிருந்து வேறொரு உருவம் எழுந்து வரும். சுவரில் தொங்கும் ஓவியம் ஒரே நொடியில் முழுதாகக் கிடைத்துவிடும். இது அப்படிக் கிடைக்காது, நேரம் கேட்கும். நேரமும் இங்கே வண்ணத்தைப் போல ஒரு பொருள்.

நம்பிக்கை வராவிட்டால் பழைய கல்யாணப் பத்திரிகை இரண்டை எடுங்கள். பாதிவரை வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி நிறுத்துங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பாதி முகம் வரைந்து, மெல்லத் திருப்புங்கள். கோச்சாரின் பாதிப் பாடம் அதிலேயே முடிந்தது. ஒரே கோணத்தில் எடுத்த புகைப்படத்தை வைத்துக்கொண்டு 'பிக்காசோவின் சாயல்' என்று தீர்ப்பெழுதுவது மேம்போக்கு, அவ்வளவுதான்.

ஆர்மீனியத் தலைநகர் யெரவானின் ரயில் நிலையத்துக்கு முன்னால் நிற்கும் சசூன் தாவீது சிலைக்கும் இதே கண்தான் வேண்டும். ஆர்மீனியக் காப்பிய நாயகனான இந்தத் தாவீதை 1939இல் பதினெட்டே நாளில் பிளாஸ்டரில் செய்தார் கோச்சார். அவர் கைதானபோது அதை உடைத்தார்கள். முதல் சிலையைச் செய்து இருபது வருடம் கழித்து, 1959இல், அடித்து உருவாக்கிய செம்பில் மறுபடி எழுப்பினார். கீழே நின்று படமெடுத்துக்கொண்டு, உயரம் எத்தனை மீட்டர் என்று கேட்டுவிட்டுக் கிளம்புபவர்கள் எதையும் பார்க்கவில்லை.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். வீரனின் முகத்தைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். பாய்ந்தெழும் குதிரையின் முன்னங்கால்களுக்கும் கருங்கல் பாறைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைப் பார்த்தபடி சுற்றிவாருங்கள். அது விரியும், சுருங்கும், வடிவம் மாறும். தகடுகளுக்கு நடுவே பாரிஸில் அவர் பிடித்துவைத்த அதே வெளி. பிறகு குதிரையின் காலடிக்கு வாருங்கள். அங்கே ஒரு கிண்ணம் இருக்கிறது, அதிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். ஒரு மக்களின் பொறுமை நிரம்பி வழிகிறது என்று அதற்குப் பொருள். தாவீது வாளை உருவியது அதனால்தான்.