இரத்தக்காட்டேரிச் சீட்டாட்டப் போட்டிகள்: ஒரு மதிப்பீடு

'வேம்பயர்: தி எட்டர்னல் ஸ்ட்ரகிள்' என்பது நான்கு அல்லது ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் சேகரிப்புச் சீட்டாட்டம். 1993இல் 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டத்தைத் தந்த கணிதவியலர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு இதனை உருவாக்கினார். விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1994இல் 'ஜிஹாத்' என்ற பெயரில் இதை வெளியிட்டது. ஒரு சமயத்தார் மதிக்கும் சொல்லை இரத்தக்காட்டேரிகளின் சண்டைக்குப் பெயராக வைத்தது பொருத்தமற்றது என்பதால் 1995இல் இப்போதைய பெயர் வந்தது. 2000 முதல் 2010 வரை ஒயிட் உல்ஃப் நிறுவனமும், 2018 முதல் பிளாக் சான்ட்ரி நிறுவனமும் சீட்டுகளை வெளியிட்டன. இடையில் அச்சு நின்றிருந்த ஆண்டுகளிலும் ஆட்டக்காரர்களின் பன்னாட்டு அமைப்பு போட்டிகளை விடாமல் நடத்தியது.

சீட்டாட்டம் என்றதும் தமிழ்நாட்டில் எழும் முதல் கேள்வி, அது திறமையா அதிர்ஷ்டமா என்பதுதான். இவ்வாட்டத்தின் போட்டிகளைக் கூர்ந்து பார்த்தால் அக்கேள்வி போதாது என்று தெரியும். பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் முடிவைத் தீர்மானிக்கும் மூன்றாவது ஒன்று உண்டு. அது உடன் ஆடுபவர்களின் மனம். அந்த மூன்றாவதை விதிகளால் எவ்வளவு தூரம் நெறிப்படுத்த முடிந்திருக்கிறது, எங்கே முடியவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆட்டத்தின் அமைப்பு

ஒவ்வொரு ஆட்டக்காரரும் மிகப் பழைய காட்டேரி ஒன்றின் இடத்தில் இருந்து ஆடுகிறார். அவர் நேரடியாகச் சண்டையிடுவதில்லை. தம் செல்வாக்கைச் செலவிட்டு இளைய காட்டேரிகளைக் களத்துக்குக் கொண்டுவந்து அவர்கள் வழியாகச் செயல்படுகிறார். அவரிடம் இரண்டு கட்டுகள் இருக்கும். ஒன்றில் குறைந்தது 12 காட்டேரிச் சீட்டுகள். மற்றொன்றில் 60 முதல் 90 வரை செயல் சீட்டுகள்.

தொடக்கத்தில் ஒவ்வொருவரிடமும் 30 வில்லைகள் இருப்பாக இருக்கும். இருப்பு தீர்ந்தவர் ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். ஆனால் காட்டேரிகளைக் களமிறக்கும் விலையும் இதே 30இலிருந்துதான் போகிறது. பலம் வாய்ந்த காட்டேரிக்கு 10 வில்லை கொடுத்தால் உயிரில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். உயிரும் முதலீடும் ஒரே பணப்பையில் இருப்பதால், தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு செலவும் ஒரு துணிவாகிறது.

ஆட்டத்தின் உயிர்நாடி இருக்கை வரிசையில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இடப்புறம் இருப்பவர் இரை. வலப்புறம் இருப்பவர் வேட்டையாளர். அ, ஆ, இ, ஈ, உ என்று ஐவர் வட்டமாக அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அ என்பவர் ஆவை வேட்டையாடுகிறார், ஆ இயை, இ ஈயை, ஈ உவை. உ மீண்டும் அவை வேட்டையாடுகிறார். இரையை வெளியேற்றினால் 1 வெற்றிப்புள்ளியும் 6 வில்லையும் கிடைக்கும்; அடுத்து இருப்பவர் புதிய இரையாவார்.

ஆடுபுலியும் ரம்மியும்

இந்த அமைப்பு சேலம், நாமக்கல் பக்கத்து மாணவருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. கோயில் மண்டபக் கல்தரையில் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் உண்டு. அங்கே புலி கடைசிவரை புலிதான், ஆடு கடைசிவரை ஆடுதான். இங்கோ ஒவ்வொருவரும் ஒருவருக்குப் புலி, இன்னொருவருக்கு ஆடு. முன்னே பாய்ந்தால் பின்பக்கம் திறந்து கிடக்கும். பின்பக்கத்தை அடைத்துக்கொண்டே இருந்தால் இரை கொழுத்துவிடும்.

ரம்மி ஆடியவர்களுக்கு இன்னொரு கதவும் திறக்கும். நாம் இறக்கும் சீட்டை அடுத்த கை எடுத்துக்கொள்ளும் என்பதால், அந்தக் கை எதைச் சேர்க்கிறது என்று ஊகித்தே சீட்டை இறக்குவோம். ரம்மியில் பக்கத்துக் கை பற்றிய இந்தக் கவலை ஆட்டத்தின் ஒரு பகுதி. காட்டேரி ஆட்டம் அதையே முழு ஆட்டமாக விரித்திருக்கிறது.

மேற்சொன்ன ஐவரில் இயின் நிலையைப் பார்த்தால் இது விளங்கும். இயை வேட்டையாடுபவர் ஆ. ஆ தொலைந்தால் நல்லது என்று முதலில் தோன்றும். ஆனால் ஆ வீழ்ந்தால் அவரை வீழ்த்திய அ, 6 வில்லை கூடிய வலிமையோடு இயின் புதிய வேட்டையாளராக வந்து நிற்பார். ஆகவே தன்னைக் கடிப்பவர் ஓரளவு உயிரோடிருப்பதில் இரைக்கும் அக்கறை உண்டு. அவேபோல, அவை வேட்டையாடும் உவை நெருக்குபவர் ஈ. அந்த வகையில் ஈ அவுக்கு நண்பர். அந்த நண்பர் அளவுக்கு மீறி வென்று உவை வெளியேற்றிவிட்டால், அடுத்த கணமே அவின் வேட்டையாளராகிவிடுவார். இங்கே உதவி என்பது எப்போதும் அளவோடு செய்யவேண்டிய ஒன்று. இந்த உறவுகளைக் கணக்கிடத் தெரிந்தவரே நல்ல ஆட்டக்காரர். கையில் வந்த சீட்டின் நலம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

போட்டி விதிகள் செய்யும் வேலை

வீட்டு மேசையில் இந்தக் கணக்கு நட்பாலும் கோபத்தாலும் கலைந்துபோகும். போன வாரம் தன்னை வெளியேற்றியவரைப் பழிவாங்குவதற்காக ஒருவர் தன் ஆட்டத்தையே கெடுத்துக்கொள்ளலாம். போட்டி விதிகள் இதைத் தடுக்க முயல்கின்றன.

போட்டியில் வழக்கமாக 2 அல்லது 3 தொடக்கச் சுற்றுகள், ஒவ்வொன்றும் 2 மணி நேரம் நடக்கும். குறைந்தது 2 வெற்றிப்புள்ளிகளுடன் மேசையில் மற்ற எல்லாரையும்விடக் கூடுதலாகப் பெற்றவருக்கே ஆட்டவெற்றி. நேரம் முடியும்போது எஞ்சி நிற்பவர்கள் ஒவ்வொருவருக்கும் அரைப்புள்ளி. ஒரு சுற்றில் வேட்டையாளரும் இரையுமாக அமர்ந்த இருவரை அடுத்த சுற்றில் அதே உறவில் அமர்த்துவதில்லை. முன்னணி ஐவர் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது 'வெல்வதற்காகவே ஆடு' என்னும் விதி. ஆட்டவெற்றி கைகூடக்கூடிய நிலையில் அதற்காகவே ஆட வேண்டும்; அது இயலாதபோது முடிந்தவரை வெற்றிப்புள்ளி சேர்க்க ஆட வேண்டும். மேசையில் பேசலாம், ஒப்பந்தம் செய்யலாம், ஒருவரை மற்றவருக்கு எதிராகத் திருப்பலாம். ஆனால் போட்டிக்கு முன்பே கூட்டுச் சேர்ந்து வருவதும், வெளியே பணமோ பொருளோ தருவதாகச் சொல்லி முடிவை மாற்றுவதும் குற்றம்.

இவ்விதிகளில் அரைப்புள்ளியின் பங்கு அதிகம் பேசப்படுவதில்லை. தோற்றுக்கொண்டிருப்பவருக்கு உயிரோடிருக்க ஒரு காரணத்தை அது தருகிறது. காரணம் இருப்பவர் கணிக்கக்கூடியவராக இருக்கிறார். கணிக்கக்கூடியவர்களுக்கு நடுவில்தான் திறமை வேலை செய்யும். மனிதர்களின் விருப்பத்தைக் கட்டளையால் மட்டும் கட்டுப்படுத்தாமல், ஒரு சிறு ஆசையைக் கொடுத்து ஒழுங்குபடுத்தியிருப்பது இப்போட்டி வடிவத்தின் சிறந்த கண்டுபிடிப்பு எனலாம்.

வாக்கும் காட்டேரியும்

ஒப்பந்தத்தை நடுவர் நிறைவேற்றித் தரமாட்டார் என்பது கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி. 'இரண்டு சுற்று என்னைத் தொடாதே, நான் அவரைத் தடுக்கிறேன்' என்று ஒருவர் சொன்னதை நம்புவதும் நம்பாததும் கேட்பவர் பொறுப்பு.

நம் பக்கத்துக் காட்டேரி இதற்கு நேர்மாறானவள். சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரச் சிற்றூர்களில் காட்டேரி அஞ்சி வணங்கப்படும் தெய்வம். கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தீங்கு வராமலிருக்க அவளுக்குப் படையலிட்டுப் பலி கொடுப்பர். அவளுக்கு நேர்ந்துகொண்டதைத் தவறவிடலாகாது என்பது நம்பிக்கை. ஊருக்கு வெளியே, ஓடையோரத்தில், மரத்தடியில் அவள் இருப்பாள். ஆட்டத்தின் காட்டேரிகளோ நகரத்தை ஆளும் பிரபுக்கள், பட்டம் உடையவர்கள், வாக்கெடுப்பு நடத்தித் தீர்மானம் நிறைவேற்றுபவர்கள். இரத்தக்காட்டேரி என்ற மொழிபெயர்ப்பு வழக்கத்தில் ஊன்றிவிட்டாலும், அச்சொல்லைக் கேட்டு நம் காட்டேரியை எதிர்பார்த்து வரும் வாசகர் இங்கே அரசியல்வாதிகளையே சந்திப்பார்.

திறமை, அதிர்ஷ்டம், பிறர்

ரம்மியில் சீட்டுகளை நினைவில் வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதை இறக்குவது என்று முடிவெடுக்க வேண்டியிருப்பதால் அது பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்சநீதிமன்றம் 1968இல் கூறியது. மூன்று சீட்டு ஆட்டத்தை அதே தீர்ப்பு முழுக்க அதிர்ஷ்டம் என்று பிரித்து வைத்தது. தமிழ்நாட்டின் பிந்தைய வழக்குகளும் இந்தக் கோட்டின் மேலேயே நடந்தன. இணைய ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகளைத் தொடர்ந்து, 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. தடைச் சட்டமும் வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கான தடையை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் அப்பட்டியலிலிருந்து நீக்கியது. 2025இல் ஒன்றிய அரசின் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரித்துப் பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது.

இவ்வழக்குகளில் உண்மையான தீங்கு பணத்திலிருந்தும், முகம் தெரியாத எதிராளியோடு இரவெல்லாம் தனியே ஆடுவதிலிருந்தும் வந்தது. காட்டேரி ஆட்டத்தின் போட்டி விதிகள் பந்தயத்தை விலக்குகின்றன. எதிராளிகள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் படிப்பதும், அவர்களிடம் நம்பத்தக்கவராக இருப்பதும் திறமையா? அது சீட்டை நினைவில் வைக்கும் திறமை அல்ல, அதிர்ஷ்டமும் அல்ல. ஓர் ஆட்டத்தை நல்லது கெட்டது என்று சொல்வதற்கு முன், அது ஆடுபவரை மற்ற மனிதர்களோடு எவ்வகை உறவில் வைக்கிறது என்றும் கேட்க வேண்டும். திறமையை மட்டும் அளக்கும் கோல் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை.

குறைகள்

இப்போட்டி வடிவத்தின் குறைகளும் சிறியன அல்ல. முதலாவது, வெளியேற்றம். அரை மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டவர் மீதி ஒன்றரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். புதிதாக வந்தவருக்கே இது பெரும்பாலும் நேர்கிறது. கற்றுக்கொள்ள வந்தவர் ஆடும் நேரம் மற்றெல்லாரையும்விடக் குறைந்துபோகிறது.

இரண்டாவது, இறுதிச் சுற்று. அங்கே கடைசித் தகுதியாளர் முதலில் அமர, முதல் தகுதியாளர் மற்றவர்கள் அமர்ந்த பிறகு தமக்கு வசதியான இடத்தைத் தேர்ந்தெடுப்பார். புள்ளிகள் சமமானால் வெற்றியும் அவருக்கே. யாரும் யாரையும் வெளியேற்றாமல் நேரம் முடிந்தால் ஐவருக்கும் அரைப்புள்ளி. ஆகவே முதல் தகுதியாளர் வென்றுவிடுவார். வேண்டுமென்றே நேரம் கடத்துவது விதிமீறல் என்றாலும், ஆழ்ந்து யோசிப்பதற்கும் நேரம் கடத்துவதற்கும் நடுவில் உள்ள கோட்டை எந்த நடுவராலும் தெளிவாகக் கிழிக்க முடியாது. சுற்றுகளில் நன்றாக ஆடியவருக்குச் சலுகை தரலாம். இருக்கையும் சமநிலையும் சேர்த்து இரட்டைச் சலுகை தருவது மிகை.

மூன்றாவது, அரசனை ஆக்கும் சிக்கல். அரைப்புள்ளிக்குக்கூட வழியில்லாதவர் தன் கடைசி முறையில் யாருக்கு உதவுகிறாரோ அவர் வெல்லலாம். 'வெல்வதற்காகவே ஆடு' என்ற விதி, வெல்லவே வழியில்லாதவருக்கு எதையும் சொல்வதில்லை. மூன்றாவது ஒன்றாகிய பிறர் மனம் இந்த இடத்தில் விதியின் பிடியிலிருந்து முழுதும் நழுவிவிடுகிறது.

நான்காவது, நுழைவுச் செலவும் மொழியும். ஒரே சீட்டை எத்தனை படி வேண்டுமானாலும் கட்டில் வைக்கலாம் என்பதால், தேவையான சீட்டுகளை வைத்திருப்பவருக்குக் கூடுதல் வசதி உண்டு. இப்போது உள்ளடக்கம் தெரிந்த ஆயத்தக் கட்டுகளாகவே சீட்டுகள் விற்கப்படுவது இதை ஓரளவு குறைத்திருக்கிறது. சீட்டுகளின் நுணுக்கமான ஆங்கில வாசகங்கள் தமிழ் மாணவருக்கு இன்னொரு தடை. பேச்சே ஆயுதமான ஆட்டத்தில் மேசையின் மொழி சரளமாக வராதவர் பாதி ஆயுதத்தோடுதான் உட்காருகிறார்.

முடிவாக

நாமக்கல் வட்டாரம் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் அவற்றின் மாணவர்கள் பெற்ற மாநில இடங்களுக்கும் பெயர் பெற்றது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் முதலிடம் பெற்றோரை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. தரவரிசைப் போட்டியில் அடுத்தவர் ஓர் எண் மட்டுமே. அவர் எப்படி இருக்கிறார் என்று தெரியாமலேயே அவரை முந்தலாம். காட்டேரி மேசையில் அது நடக்காது. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் எத்தனை வில்லை மிச்சம், அவர் எதற்கு அஞ்சுகிறார், எதுவரை தாங்குவார் என்று தெரியாதவர் வெல்ல முடியாது.

இதனால் இவ்வாட்டம் மனிதரை நல்லவராக்கும் என்று சொல்வதற்கில்லை; பொய்யும் இங்கே ஓர் ஆயுதம்தான். ஆனால் தன் வெற்றி பிறருடைய நிலையோடு கட்டுண்டிருக்கிறது என்பதை இரண்டு மணி நேரம் மறக்க விடாத போட்டிகள் அரிது. வெளியேற்றத்தையும் இறுதிச் சுற்றின் இரட்டைச் சலுகையையும் திருத்திக்கொண்டால், பலர் கூடி ஆடும் போட்டிகளுக்கு இது நல்ல முன்மாதிரி ஆகும். ஆடுபுலிக்கோ ரம்மிக்கோ ஊரளவில் பணமில்லாப் போட்டி நடத்த நினைக்கும் மாணவர்கள், சீட்டுகளை வாங்காவிட்டாலும் இந்த விதிகளைப் படித்துப் பார்க்கலாம்.