வாய், காது, காம்பு

கோடாலி வாங்கப் போகிறவர்கள் முதலில் வாயைத்தான் பார்க்கிறார்கள். பெருவிரலை வைத்து நெருடி, வெயிலில் திருப்பிப் பளபளப்பைப் பார்த்து, தலையை ஆட்டிக்கொள்கிறார்கள். நான் காதைத்தான் முதலில் பார்ப்பேன், காம்பு நுழைகிற அந்தத் துளையை. இந்தப் புத்தி எனக்கு ஒரு மழை ராத்திரியில் வந்தது.

எழுமலையில் எங்கள் தெருவில் தனியாக இருந்த ஒரு அப்பத்தா, உள்தாழ் போட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே வழுக்கி விழுந்துவிட்டார். முனகல் மட்டும் கேட்டது. வேப்பமரக் கதவு, உள்ளே கனத்த தாழ்ப்பாள். அந்த வருடம் புதிதாக வாங்கிய கோடாலியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வர்ணம் பூசி, வார்னிஷ் அடித்து, பார்க்க மாப்பிள்ளை போல இருந்தது. கதவின் நடுவில் போட்ட மூன்றாவது அடியில் தலை காம்பைவிட்டுக் கழன்று, பின்னால் நின்ற கூட்டத்துக்கு மேலே பறந்து, எதிர்வீட்டுச் சுவரில் மோதி விழுந்தது. ஒரு சாண் தாழ்வாகப் பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் நினைக்க முடியவில்லை.

அப்போது விறகு வெட்டும் பெரியவர் ஒருவர் தன் பழைய கோடாலியோடு வந்தார். வாய் தேய்ந்து முக்கால்தான் மீதி இருந்தது. அவர் கதவை வெட்டவே இல்லை. தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கும் என்று தட்டிப் பார்த்தார். நிலைக்கும் கதவுக்கும் இடையில் வாயின் ஒரு முனையை வைத்து, வாய்க்கு எதிர்ப்பக்கமான பிடரியில் அம்மிக்குழவியால் இரண்டு அடி கொடுத்து இறக்கினார். காம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். தாழ்ப்பாளின் ஆணிகள் முனகிக்கொண்டே வெளியே வந்தன. அப்பத்தா இடுப்பெலும்பு முறிவோடு பிழைத்தார். எனக்குக் கோடாலிப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான்.

கதவைத் திறப்பது வெட்டுகிற வேலை இல்லை, நெம்புகிற வேலை. உலகத்தின் பெரிய தீயணைப்புப் படைகளும் இப்படித்தான் செய்கின்றன. நியூயார்க் தீயணைப்புத் துறையின் அதிகாரி ஹியூ ஹாலிகன் 1948-இல் ஒரு முனையில் கவை, மறுமுனையில் உளியும் கூர்முளையுமாக ஒரு நெம்புகோலை வடிவமைத்தார். இன்றைக்கும் அங்கே கோடரியையும் ஹாலிகன் கோலையும் சேர்த்தே எடுத்துப்போகிறார்கள். நெம்புவது கோல், அதன் தலையில் அடிப்பது கோடரியின் பிடரி. எங்கள் தெருவில் அன்று கோலின் வேலையைக் கோடாலியும், கோடாலியின் வேலையை அம்மிக்குழவியும் செய்தன.

இப்போது ‘டாக்டிக்கல்’ என்ற பெயரோடு வெளிநாட்டுக் கோடரிகள் விற்பனைக்கு வருகின்றன. கறுப்புப் பூச்சு, பின்னால் கூர்முள், உச்சியிலிருந்து அடிவரை ஒரே எஃகுத் துண்டு. இந்த வகைக்கு ஒரு மூதாதை உண்டு. 1960-களின் பிற்பாதியில் பீட்டர் லகானா என்ற அமெரிக்கர், வியட்நாம் போருக்குப் போன சிப்பாய்களுக்காகச் சுமார் 4000 டோமஹாக் கோடரிகளைச் செய்து விற்றார். நல்ல கருவி அது. அதன் மரக்காம்பும் நல்லது. பின்னால் வந்த ஒரே துண்டு எஃகுக் கோடரிகள்மேல்தான் எனக்கு மனத்தாங்கல். ஒவ்வொரு அடியின் அதிர்வையும் அவை மணிக்கட்டுக்கு அனுப்பும். பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சூறைக்காற்றில் சாய்ந்த வேம்பு மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு விழக்கூடும். அந்த இடத்தில் எஃகுக் காம்போடு நிற்பவர் உயிரோடு விளையாடுகிறார். தீயணைப்பு வீரர் இடுப்பில் செருகும் கோடரிக்கு மின்சாரம் பாயாத ரப்பர் கைப்பிடி போடுவது இதற்காகத்தான். மரக்காம்பு ஈரமானால் அதையும் நம்ப முடியாது. மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே கைவைக்க வேண்டும். கூர்முள்ளையும் எனக்குப் பிடிக்கவில்லை. அடிக்கவும் ஆப்பு இறக்கவும் கூடாரமுளை அறையவும் உதவுகிற பிடரியைப் பறித்துக்கொண்டு, எப்போதாவது ஒரு தகரத்தைக் குத்தக் கொடுக்கிற முள் அது. வேகமாக ஓங்கும்போது முதலில் ஆபத்து நம் தோளுக்கும் நெற்றிக்கும்தான்.

கடைசியில் இரும்பு அடிக்கிற ஆசாரியிடம் போய், “எல்லாத்துக்கும் ஆகுற மாதிரி ஒரு கோடாலி வேணும்” என்றேன்.

“எல்லாத்துக்கும்னா எதுக்குத் தம்பி?” என்றார். உலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நல்ல ஆசாரிக்கு அடையாளமே இந்தக் கேள்விதான். பச்சை மரத்துக்கு மெல்லிய வாய் வேண்டும். ஆழமாக இறங்கிச் சில்லைப் பெயர்த்து வெளியே தள்ள வேண்டும். காய்ந்த சீமைக்கருவேலத்தில் அதே வாயைப் போட்டால் பல் பல்லாகப் பெயர்ந்துவிடும். விறகு பிளக்க வாயின் பக்கக் கன்னம் உப்பியிருக்க வேண்டும். கதவு என்றால் ஆணி, கீல், கொண்டி எல்லாம் குறுக்கே வரும். அங்கே மொத்தமான, பொறுமையான வாய்தான் தாங்கும். ஒன்றுக்கு நல்லது மற்றதற்கு ஆகாது. நான் யோசித்து, “ரோட்டுல விழுந்த மரம், காஞ்ச விறகு, அவசரத்துக்குக் கதவு” என்றேன். காட்டைச் சொல்லவில்லை. எங்களுக்கு மேற்கே தெரிகிற சாப்டூர் மலைகள் 1988-லேயே ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயமாகி, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டவை. அங்கே கோடாலிக்கு வேலையில்லை, இருக்கவும் கூடாது.

“அப்ப முக்காக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஒத்தக் கையிலயும் வரணும், ரெண்டு கை போட்டாலும் நிக்கணும்” என்றார். கனமான கோடாலிதான் நன்றாக வெட்டும் என்று நினைப்பது ஆரம்பக்காரர் பிழை. எடை இரு மடங்கானால் வெட்டின் பலமும் இரு மடங்குதான் ஏறும்; வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்கு ஏறும். ஓங்க முடியாத ஒன்றரைக் கிலோவைவிட, சுழற்ற முடிகிற எண்ணூறு கிராம் மேல். களைத்த உடம்புக்கு, இருட்டில், அவசரத்தில் இது இன்னும் உண்மை.

வேலையைத் தொடங்கினார். உடம்புக்கு மெல்லிரும்புப் பட்டை. அதை ஒரு கூர்கம்பியின்மேல் வளைத்துக் காதை உருவாக்கினார். வளைந்த இரண்டு நுனிகளுக்கும் நடுவில், லாரியின் வில்பட்டையிலிருந்து வெட்டிய எஃகுத் துண்டை நாக்குப் போல வைத்தார். ‘எக்கு வைக்கிறது’ என்பது இதைத்தான். வில்பட்டை எஃகில் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல் கரி இருக்கும். அந்தச் சொற்பக் கரிதான் அதற்குக் கூர்மையைப் பிடித்துவைக்கும் குணத்தைத் தருகிறது. வெங்காரம் தூவி, சீமைக்கருவேலக் கரியில் வைத்து ஊதினார்கள். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெள்ளையாகி, பூத்திரி போலப் பொரி பறக்கிற அந்த ஒரு நொடியில் வெளியே எடுத்துப் பட்டடையில் வைத்தார். அவர் மனைவி சம்மட்டியை இறக்கினார். அவர் சுத்தியலால் தட்டுகிற இடத்தில் அந்த அம்மாவின் சம்மட்டி விழும். பேச்சே கிடையாது, சுத்தியலின் தாளமே கட்டளை. ஏழெட்டு அடிகளுக்குள் இரும்பும் எஃகும் ஒன்றாகிவிட்டன. ஒட்டிய கோடு கண்ணுக்குத் தெரியவில்லை.

எனக்கு இந்த வேலையின் உச்சம் தோய்ச்சல்தான். இதைப் பார்ப்பதற்காகவே பட்டறை வாசலில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

வாய்ப்பகுதியை மட்டும் செம்பழமாகக் காய்ச்சுகிறார். பட்டறையின் இருட்டான மூலையில்தான் உலை இருக்கும். வெயிலில் நிறம் ஏமாற்றிவிடும். சூடு சரியா என்று பார்க்கச் சில பேர் காந்தத்தைக் காட்டுவார்கள். எழுநூற்று எழுபது டிகிரி வாக்கில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும். அதற்குச் சற்று மேலே போனால் தோய்க்கலாம். எங்கள் ஆசாரிக்குக் கண்ணே போதும். பழைய எஞ்சின் எண்ணெய் டின்னில் இரண்டு விரல் ஆழத்துக்கு வாயை மட்டும் இறக்குகிறார். வில்பட்டை எஃகைத் திடீரென்று பச்சைத் தண்ணீரில் முக்கினால் மயிரிழை விரிசல் விழக்கூடும், அதனால் எண்ணெய். புகை எழுகிறது. இந்த நிலையில் வாய் கண்ணாடி போலக் கடினம், கண்ணாடி போலவே உடையும். இப்படியே விட்டால் முதல் ஆணியில் தெறித்துவிடும்.

வெளியே எடுத்து, கரடுமுரடான கல்லால் வாயின் கன்னத்தை அவசரமாகத் தேய்க்கிறார். வெள்ளைத் தகடு தெரிகிறது. கோடாலியின் பின்னுடம்பு இன்னும் கொதிக்கிறதல்லவா, அந்தச் சூடு மெதுவாக வாயை நோக்கி ஊர்ந்து வருகிறது. அது வருவது கண்ணுக்குத் தெரியும். முதலில் வைக்கோல் நிறம். அதன் பின்னால் தேன் நிறம். பிறகு பழுப்பு, பிறகு கத்திரிப்பூ, கடைசியில் மயில்கழுத்து நீலம். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் காய்ந்த மண்ணில் ஈரம் பரவுகிற மாதிரி, ஒரு வரிக்குப் பின் ஒரு வரியாக நிறங்கள் நடந்து வருகின்றன. வைக்கோல் நிறம் விளிம்பைத் தொடும்போது நிறுத்தினால் சவரக்கத்திக்கு ஆகும் கடினம். நீலம் தொடும்வரை விட்டால் வில்லாக வளையும், கூர் நிற்காது. எனக்குச் சொன்ன வேலைக்குக் கத்திரிப்பூ விளிம்பை எட்டுகிற நேரம்; ஏறக்குறைய இருநூற்று எண்பது டிகிரி. அது வந்ததும் சட்டென்று தண்ணீர்த் தொட்டியில் மொத்தமாக அமுக்கினார். நிறம் அப்படியே உறைந்தது. மூச்சை விட்டேன்.

ஒரே உலோகத் துண்டில் எங்கே கடினம், எங்கே இளக்கம் என்று பங்கு பிரித்துக் கொடுக்கிறது இந்தக் கை. வாய் பிடிவாதமாக நிற்க வேண்டும், உடம்பு அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், பிடரி சம்மட்டிக்கு நசுங்கலாம் ஆனால் சிதறக் கூடாது. வாயும் பிடரியும் ஒரே கடினமாக இருக்கிற கோடாலியை யாராவது பெருமையாகச் சொல்லி விற்றால் நான் வாங்க மாட்டேன்.

ஸ்வீடனில் கிரான்ஸ்ஃபோர்ஸ் ப்ரூக் என்ற பட்டறையில், அடித்தவர் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கோடரித் தலையிலேயே பொறித்துத் தருகிறார். அருமையான வழக்கம். எங்கள் பக்கத்துக் கோடாலிகளில் எழுத்து இருக்காது. ஆனாலும் கன்னம் சரிகிற விதத்தை வைத்து இது இன்னார் கை என்று சொல்லிவிடுகிற ஆட்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு.

இனிக் காதுக்கு வருகிறேன். கோடரியின் சரித்திரத்தில் வாய்க்குத்தான் வயது அதிகம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்ததும், அத்திரம்பாக்கத்தில் பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் அறிவிக்கப்பட்டவையும் கைக்கோடரிகள்; காம்பே இல்லாத வெறும் வாய்கள். இரும்பு வந்த பிறகும் எல்லா இடத்திலும் காது உடனே வந்துவிடவில்லை. விதர்ப்பப் பகுதியின் பெருங்கற்காலப் புதைகுழிகளில் கிடைத்த இரும்புக் கோடரிகள் தட்டையானவை. காம்போடு அவற்றை இறுக்கக் குறுக்கும் நெடுக்குமாக இரும்பு வளையப் பட்டைகளைப் போட்டிருக்கிறார்கள். தலை பறக்கிற பயம் அவர்களுக்கும் இருந்திருக்கிறது. அந்தப் பட்டைகளைப் படத்தில் பார்த்தபோது எதிர்வீட்டுச் சுவர்தான் என் நினைவுக்கு வந்தது.

என் மாப்பிள்ளைக் கோடாலியின் காது, காம்பைக் கீழிருந்து செருகி மேலே ஆப்பு அடிக்கிற வகை. ஆப்பு இருக்கும்வரை அது உறுதிதான். சித்திரை வெயிலில் மரம் சுருங்கினால் ஆப்பு இளகும். நாம் கவனிக்க மாட்டோம். ஆசாரி எனக்குப் போட்டது நம் பழைய வட்டக்காது. மேல்வாய் அகலம், கீழ்வாய் குறுக்கம். காம்பின் தலைப்பக்கம் பருத்திருக்கும். காம்பை மேலிருந்து இறக்கினால் பருத்த தலையில் வந்து நிற்கும். ஒவ்வொரு வீச்சிலும் தலை வெளிப்பக்கம் இழுபட்டு, பருத்த இடத்தில் இன்னும் இறுகும். கழன்று பறக்க வழியே இல்லை. முறிந்தால் வேலியில் ஒரு கிளையை வெட்டி, அரிவாளால் செதுக்கி, அரைமணியில் புதுக்காம்பு போட்டுவிடலாம். ஆப்பும் வேண்டாம், அரமும் வேண்டாம். அமெரிக்கப் பூர்வகுடிகளின் டோமஹாக்குக்கும் இதே காதுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டபோது ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. ஆபத்துக் காலத்துக்கென்று ஒரு கோடாலி வேண்டுமென்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தக் காதைத்தான்.

காம்புக்கு உசிலை. உசிலம்பட்டியின் பெயரிலேயே நிற்கிற மரம். இலையைக் காயவைத்து அரைத்தால் தலைக்குத் தேய்க்கும் அரப்பு, கட்டை கருத்து வலுத்தது. புளியும் நல்லதுதான், மலைப்பக்கத்து வெக்காலி அதைவிட நல்லது. எந்த மரமானாலும் அறுத்த கட்டை வேண்டாம், பிளந்த கட்டை வேண்டும். பிளக்கும்போது மரம் தன் ரேகையோடு பிரியும். ரேகை காம்பின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை ஓட வேண்டும்; நடுவில் பக்கவாட்டில் வெளியேறினால் அங்கேதான் முறியும். நிழலில் காயவேண்டும். வார்னிஷ் கூடாது, வழுக்கும், கொப்புளம் போடும். புங்க எண்ணெய் தடவிக் கைபடக் கைபட அதுவே மெருகேறும். நீளம் என் அக்குளிலிருந்து நடுவிரல் நுனிக்குச் சற்றுக் குறைவு.

முடிந்த கோடாலியைக் காம்பின் அடியில் இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, சுத்தியலால் தலையை மெல்லத் தட்டினார். கணீரென்றது. விரிசல் இருந்தால் தகரம் போலச் செத்த சத்தம் வரும். பிறகு காம்பின் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கச் சொன்னார். வாயின் கோடும் காம்பின் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. வாசலில் கிடந்த சீமைக்கருவேலக் கட்டையில் சாய்வாக ஒன்று, எதிர்ச்சாய்வாக ஒன்று போட்டேன். உள்ளங்கையளவு சில்லு எகிறி அந்த அம்மாவின் காலடியில் விழுந்தது. வாயை வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு பல்கூடப் போகவில்லை.

பணத்தைக் கொடுத்ததும் அலமாரியிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். 2021 செப்டம்பரில் காவல்துறை அரிவாள், கத்தி செய்கிற பட்டறைகளில் வாங்குகிறவர் விவரத்தைப் பதியச் சொன்னதிலிருந்து வைத்திருக்கிற நோட்டு. பெயர், தெரு, கைப்பேசி எண்ணைக் கேட்டு எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

“எதுக்குன்னு போடட்டும் தம்பி?”

அன்றைக்குச் சொன்னதையே சொன்னேன். ரோட்டில் விழுந்த மரம், காய்ந்த விறகு, அவசரத்துக்குக் கதவு. அவர் மூன்றையும் ஒன்றுவிடாமல் எழுதி, கடைசி வார்த்தைக்கு மேல் ஊதி மையைக் காயவைத்தார்.