இடுப்பை யார் தலையில் கட்டுவது?

‘கியூபன் ஃப்யூரி’ படத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். நல்ல படம் என்பதற்காக இல்லை. முதல் சில நிமிடங்களில் ஓர் உண்மையைத் தொட்டுவிட்டு, மீதி நேரமெல்லாம் அதிலிருந்து தப்பித்து ஓடுகிற படம் அது. எப்படி ஓடுகிறது என்று பார்க்கத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

2014-இல் வந்த பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம். இயக்கம் ஜேம்ஸ் கிரிஃபித்ஸ், நாயகன் நிக் ஃபிராஸ்ட். கதை 1987-இல் தொடங்குகிறது. புரூஸ் என்கிற 13 வயதுப் பையன் தன் சகோதரியோடு ஜோடி சேர்ந்து சால்சா ஆடுகிறான். போட்டிக்குப் போகிற வழியில் சில பையன்கள் அவனை மறித்து அடிக்கிறார்கள். சட்டையில் தைத்திருந்த சமிக்கிகளைத் தின்ன வைக்கிறார்கள். அன்றோடு ஆட்டம் நின்றுபோகிறது. 25 ஆண்டுகள் கழித்து அவன் உடல் பெருத்த, கூச்சம் பிடித்த ஒரு பொறியாளன். அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அமெரிக்க மேலதிகாரி ஜூலியாவுக்கு சால்சா பிடிக்கும் என்று தெரிய வருகிறது. பழைய ஆசானைத் தேடிப் போகிறான். மிச்சக் கதையை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

என் கேள்வி அந்தச் சமிக்கியைப் பற்றியது. அந்தப் பையன்களுக்கு உண்மையிலேயே சட்டைதான் பிரச்சினையா? வேட்டியோ பள்ளிச் சீருடையோ போட்டிருந்தால் விட்டிருப்பார்களா? படம் அப்படித்தான் நம்பச் சொல்கிறது. அவமானத்தை உடம்பிலிருந்து கழற்றி சட்டையில் தைத்துவிடுகிறது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிடலாம். இடுப்பை என்ன செய்வது?

எனக்கு இது கொஞ்சம் தெரியும். படிவம் இரண்டில் படிக்கும்போது, நான் நடப்பதைப் பின்னாலிருந்து நடித்துக் காட்டுவது எங்கள் வகுப்புப் பையன்களின் பொழுதுபோக்கு. “பொண்ணு வருதுடா” என்பார்கள். வீட்டிலும் அம்மா சில சமயம், “ஒழுங்கா நேரா நட” என்று சொல்வார். நேராகத்தானே நடக்கிறேன் என்று கேட்கத் தோன்றியதில்லை. பைலை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, முட்டியை மடக்காமல் நடக்கப் பழகினேன். ஒரு வருஷத்தில் யாரும் சிரிக்காத நடை ஒன்று வந்துவிட்டது. அதே நடையோடுதான் பல்கலைக்கழகம், வேலை எல்லாம்.

இருபத்தெட்டு வயதில் ஒரு நண்பன் கோலாலம்பூரில் ஒரு சால்சா வகுப்புக்கு இழுத்துப் போனான். கடைவீட்டு மேல்மாடி. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. இரண்டாவது வகுப்பிலேயே பாட்டில் லயித்து என்னை மறந்திருக்கிறேன் போல. ஆசிரியர் பாட்டை நிறுத்தினார். என்னைக் காட்டி, “பாருங்க, இவருக்கு எவ்ளோ நேச்சுரலா வருது இடுப்பு” என்றார். இருபது பேர் கண்ணாடி வழியாக என் இடுப்பைப் பார்த்தார்கள். அந்த நிமிஷத்திலிருந்து நான் மரக்கட்டை. வகுப்பு முடிந்து மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது நண்பன் கேட்டான்: “டேய், பாராட்டுனாருடா. அதுக்கு ஏன் மூஞ்ச தூக்கி வச்சிக்கிட்ட?” அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. பாராட்டும் கேலியும் ஒரே இடத்தைத்தான் சுட்டிக் காட்டின. அவ்வளவுதான் உறைத்தது.

‘நேச்சுரல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். சால்சாவில் இடுப்பை யாரும் ஆட்டுவதில்லை. ஆட்டினால் அசிங்கமாக இருக்கும். ஆரம்பநிலை மாணவர்கள் அதைத்தான் செய்வார்கள். நடப்பது வேறு. மடங்கிய முட்டியோடு காலை வைக்கிறோம். உடம்பின் பாரம் அந்தக் காலுக்கு மாறுகிறது. முட்டி நிமிர்கிறது. அப்போது இடுப்பு தானாக அந்தப் பக்கம் போய் உட்காருகிறது. விலா அதற்கு எதிராக லேசாக நகர்ந்து உடம்பைச் சமன் செய்கிறது. ஆக, இடுப்பில் தெரிகிற அசைவு பாதத்திலிருந்தும் முட்டியிலிருந்தும் வருவது. ஹவானாவிலோ சான் ஹுவானிலோ ஒரு குழந்தை இதைப் பிறக்கும்போதே கொண்டுவருவதில்லை. வீட்டு விசேஷங்களில் பாட்டியின் கையைப் பிடித்து ஆடி ஆடிப் பழகியது, பிறகு பிறவிக்குணம் மாதிரி தெரிகிறது. நான் முட்டியை மடக்காமல் நடக்கப் பழகிய கதையும் அதுவேதான், தலைகீழாக. என் விறைப்பை யாராவது ‘நேச்சுரல்’ என்று சொல்லியிருப்பார்களா?

(இங்கே ஒரு மொழிச் சிக்கலும் உண்டு. ஆசிரியர் ‘ஹிப்’ என்று சொல்லும்போது நமக்கு மனசில் ‘இடுப்பு’ என்று விழுகிறது. நம் இடுப்போ வேட்டி கட்டுகிற இடமும்தான், குழந்தையைத் தூக்கி வைக்கிற இடமும்தான். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் எல்லாம் சேர்ந்த ஒரு பிரதேசம். இடை என்றால் கவிதைக்குப் போய்விடும், அதுவும் பெண்ணுக்கு. ஆணின் இடுப்பைப் பற்றிப் பேச எனக்குக் கிடைத்த ஒரே சரளமான தமிழ், வலியைப் பற்றியது.)

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல, வெறும் டான்ஸ்தானே” என்று ஆறுதல் சொல்கிறவர்களையும் நான் நம்புவதில்லை. கியூபாவின் ரும்பாவில் குவாகுவாங்கோ என்று ஒரு வகை உண்டு. சால்சாவின் மூதாதையர்களில் ஒன்று. ஆணும் பெண்ணும் தொடாமல் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். எதிர்பாராத ஒரு கணத்தில் ஆண் இடுப்பை முன்னால் வெட்டுவான், அல்லது கையாலோ காலாலோ ஒரு சுண்டு சுண்டுவான். அதற்குப் பெயர் ‘வகுனாவோ’. தடுப்பூசி போடுவது என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. பெண் அதே கணத்தில் கையாலோ பாவாடையாலோ மறைத்துத் தடுக்க வேண்டும். தடுத்துவிட்டால் அவள் வென்றாள். சுற்றி நிற்கிறவர்கள் ஆரவாரம் செய்வார்கள். இதில் காமம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அந்தக் காமத்துக்கு விதி இருக்கிறது, சாமர்த்தியம் இருக்கிறது, மறுக்கும் உரிமை ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கேலிக்கு ஒரு முறை இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் நிற்கிறவர்களுக்கு இடுப்பு என்ன பேசுகிறது என்று தெரியும். யுனெஸ்கோ 2016-இல் ரும்பாவைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது வேறு விஷயம்.

வட்டத்தை விட்டு வெளியே வந்ததும்தான் இடுப்புக்கு ஆள் பார்த்து விலை போடுகிறார்கள். 1957 ஜனவரி 6 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் எல்விஸ் பிரெஸ்லியை இடுப்புக்கு மேல் மட்டுமே காட்டியது அமெரிக்கத் தொலைக்காட்சி. அது எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது சிண்டி கார்சியா 2013-இல் எழுதிய ‘சால்சா கிராசிங்ஸ்’. லாஸ் ஏஞ்சலிஸ் சால்சா கிளப்புகளைப் பற்றிய ஆய்வு நூல். வகுப்புக்குப் போய்ப் பளபளப்பாக ஆடக் கற்றவர்களுக்கும் வீட்டு விருந்தில் பழகிய மாதிரி ஆடுகிற குடியேறிகளுக்கும் நடுவே அங்கே ஒரு கோடு இருக்கிறது. ‘மெக்சிகன் மாதிரி ஆடுகிறாய்’ என்பது அங்கே வசை. லத்தீன் மக்களின் நடனத்தை ஆடும் இடத்திலேயே! அதாவது, இயல்பான இடுப்பு வேண்டும். ஆனால் அது இயல்பாக வந்துவிடக் கூடாது. காசு கொடுத்துக் கற்று வந்திருக்க வேண்டும். என் ஆசிரியரின் பாராட்டில் எங்கோ ஒரு முள் இருந்ததாக எனக்குத் தோன்றியதற்குக் காரணம் இந்தப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் பிடிபட்டது. ‘உனக்கு வருகிறது’ என்பதற்கும் ‘நீ அந்த மாதிரி ஆள்’ என்பதற்கும் நடுவே தூரம் அதிகமில்லை.

சரி, ‘கியூபன் ஃப்யூரி’க்கு வருவோம். சட்டையில் தைத்த அவமானத்தோடு படம் நிறுத்திக்கொள்ளவில்லை. புரூஸ் திரும்ப ஆட வரும்போது அவனுடைய இடுப்பை இரண்டு வழிகளில் பத்திரமாக்குகிறது. ஒன்று, ஆட்டத்தைச் சண்டையாக்குகிறது. அலுவலகத்தில் ஜூலியாவுக்காகப் போட்டியிடும் டிரூவும் அவனும் கார் நிறுத்துமிடத்தில் மோதிக்கொள்கிற நடனக் காட்சி படத்திலேயே பிரமாதமான காட்சி. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் அது நடனத்தின் பெயரில் நடக்கிற குத்துச்சண்டை. இடுப்பு அசையலாம், எதிரே அடிக்க ஓர் ஆண் இருக்கிற வரைக்கும்.

இரண்டாவது வழிதான் எனக்கு உறுத்துகிறது. வகுப்பில் பெஜான் என்று ஒரு பாத்திரம். ஈரானியப் பின்னணி, குழைந்து குழைந்து பேச்சு, புரூஸை விழுங்குகிற மாதிரிப் பார்வை. கேவான் நோவாக் ரசித்து நடித்திருக்கிறார். படத்தில் அதிகம் சிரிக்க வைப்பது அவர்தான். ஆனால் அவர் எதற்காக இருக்கிறார்? 13 வயது புரூஸை எதற்காக அடித்தார்களோ அந்த ‘பெண்மை’ முழுவதையும் சுமப்பதற்கு. அவர் பக்கத்தில் நின்றால் புரூஸ் ஆம்பளையாகத் தெரிவான். வெள்ளைக்காரப் பொறியாளனின் இடுப்பைக் காப்பாற்ற, அதன் அவமானத்தைத் தூக்கி ஒரு பழுப்பு நிறக்காரன் தலையில் கட்டுகிறது படம். பையன்கள் தெருவில் செய்ததை நாம் திரையரங்கில் டிக்கெட் வாங்கிச் செய்கிறோம். இந்த முறை சிரிப்பது நாம்.

ஜூலியாவின் கூச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெண்ணின் இடுப்பு பார்ப்பதற்கென்றே இருப்பது, அதற்கென்ன கூச்சம் என்பது போல. எங்கள் வகுப்பில் ஒரு அக்கா இருந்தார், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் மரக்கட்டையான மறுவாரம் தண்ணீர் குடிக்கிற இடத்தில் சொன்னார்: “தம்பி, பொம்பள மாதிரி ஆடுறான்னு சொல்லிருவாங்கன்னு ஒனக்குப் பயம். இவ நம்மள கூப்பிடுறாடான்னு நெனைச்சிக்குவாங்களேன்னு எனக்குப் பயம். யாருக்கு வசதி, சொல்லு?” நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்கிற சால்சா படம் எதையும் நான் பார்த்ததில்லை. என்னுடைய பயத்துக்குக் கிட்டே போகிற படம் ஒன்று உண்டு. அது சால்சா படமே இல்லை. மசாயுகி சுவோ இயக்கிய ஜப்பானியப் படம், ‘ஷல் வீ டான்ஸ்?’ (1996). ஹாலிவுட்டில் 2004-இல் ரிச்சர்ட் கியரை வைத்து எடுத்தார்களே, அதன் மூலம். கணக்காளர் சுகியாமா தினமும் ரயிலிலிருந்து ஒரு நடனப் பள்ளியின் ஜன்னலில் நிற்கும் பெண்ணைப் பார்க்கிறார். வீட்டுக்குத் தெரியாமல் வகுப்பில் சேர்கிறார். கவனியுங்கள்: அவர் ஆடுவது வால்ட்ஸ், குயிக்ஸ்டெப். முதுகை நிமிர்த்திய, இடுப்பு பூட்டப்பட்ட நடனங்கள். லத்தீன் ஆட்டத்தைப் படம் இன்னொருவரிடம் கொடுக்கிறது. அதே அலுவலகத்தில் வேலை செய்யும் அவோகி. விக் வைத்துக்கொண்டு, கண்ணை உருட்டி, இடுப்பை வெட்டி வெட்டி ரும்பா ஆடுகிறார். நவோதோ தகெனாகா அந்தப் பாத்திரத்தில் வெளுத்து வாங்கியிருக்கிறார். சிரிக்காமல் இருக்கவே முடியாது.

அப்படியானால் சுவோவும் அதே வேலையைத்தானே செய்கிறார், நாயகனைக் காப்பாற்றி அவமானத்தை நண்பன் தலையில் கட்டுகிறார்? பாதிப் படம் வரை ஆமாம். ஆனால் ஒரு கட்டத்தில் ஒரு பெண் அவோகியின் முகத்துக்கு நேரே, நீங்கள் அருவருப்பாக இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுகிறாள். அவர் உடைந்து அழுகிறார். சுவோ கேமராவை அங்கிருந்து எடுப்பதில்லை. அதுவரை நாம் சிரித்த சிரிப்பெல்லாம் தொண்டையில் நிற்கிறது, ஏனென்றால் அவள் சொன்னதைத்தான் நாமும் இத்தனை நேரம் நினைத்துக்கொண்டிருந்தோம். பிறகு அலுவலகத்தில் விஷயம் தெரிந்து எல்லாரும் அவோகியைப் பார்த்துச் சிரிக்கும்போது சுகியாமா எதிர்த்துப் பேசுகிறார். பெரிய வசனம் எதுவும் இல்லை. எனக்குப் படிவம் இரண்டில் அப்படி ஒருத்தன் பக்கத்தில் நின்றிருந்தால் போதும் என்று தோன்றியது.

எனக்குக் குறை இருக்கிறது. சுகியாமாவின் இடுப்பு கடைசிவரை பூட்டியேதான் இருக்கிறது. அவரை ஒரே ஒரு ரும்பா ஆட வைக்கும் தைரியம் சுவோவுக்கும் இல்லை. ஆனாலும், கிரிஃபித்ஸ் பெஜானைச் சிரிப்பாகவே வைத்துப் படத்தை முடிக்கிறார். சுவோ அவோகியை ஒரு மனிதராக நம்மிடம் ஒப்படைக்கிறார். இரண்டு படங்களையும் நான் ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

‘ஷல் வீ டான்ஸ்?’ படத்தை அந்த நண்பனோடுதான் பார்த்தேன், அவன் வீட்டில். அவோகி முதலில் ஆடும்போது விழுந்து விழுந்து சிரித்தான். அழும்போது போனை எடுத்துப் பார்த்தான். பிறகு கீழே வைத்தான். படம் முடிந்து கார் சாவியைத் தேடும்போது, “டேய், ஸ்கூல்ல ஒன்னை ரொம்ப ஓட்டுவானுங்கல்ல” என்றான். அவனும் அதே வகுப்பில்தான் படித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் மேலே கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை வகுப்புக்குப் போனேன். கண்ணாடியில் தெரியாத மூலை ஒன்று தூணுக்குப் பின்னால் இருக்கிறது; அதைப் பார்த்து வைத்திருந்தேன். போனால், அங்கே ஏற்கெனவே இரண்டு ஆண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒருவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.