ஏரிப் படகை ரசிக்க, அடியைப் பாருங்கள்

அமெரிக்காவின் மினசோட்டாவில் 10 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புள்ள ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 வருகிறது. பெரும்பாலும் பழைய பனியாறுகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுப்போன பள்ளங்கள் அவை. வசந்தத்தில் ஏரிமேல் பனிக்கட்டி விலகியதும் அந்த ஊர் வீடுகளில் படகுப் பேச்சு தொடங்கிவிடும். உருளைகளின்மேல் தளம் போட்ட பான்டூன் வாங்கலாமா, மாடிஃபைட் வீ என்கிற அலுமினியப் படகு வாங்கலாமா என்பதுதான் அதில் பெரிய கேள்வி.

கடையில் இருக்கையைக் காட்டுவார்கள், ஒலிபெருக்கியைக் காட்டுவார்கள், மோட்டாரின் குதிரைசக்தியைச் சொல்வார்கள். அதெல்லாம் எந்தப் படகிலும் மாட்டிக்கொள்ளக்கூடியவை. படகு எப்படிப்பட்டது என்பதைச் சொல்வது தண்ணீரைத் தொடும் பகுதி ஒன்றுதான். ட்ரெய்லரில் ஏற்றி நிறுத்தியிருக்கும்போது குனிந்து அடியைப் பாருங்கள். இரண்டையும் ரசிக்கவும் தேர்ந்தெடுக்கவும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் வீ. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கையை வைத்து அடித்தகட்டைத் தடவிக்கொண்டே பின்னால் நடந்து போங்கள். முன்னால் செங்குத்தாகக் கீழிறங்கும் தகடு, நடுப்பகுதியில் விரிந்து, மோட்டார் மாட்டும் பின்பலகையை அடையும்போது ஏறத்தாழத் தட்டையாகிவிடும். பல படகுகளில் பின்பலகையருகே சரிவு 10 முதல் 15 பாகைதான் இருக்கும். ஒரே தகட்டில் இப்படி இடத்துக்கு இடம் கோணம் மாறுவதுதான் இந்தப் படகின் அழகு. அலையைப் பிளக்கும் வேலை முன்பக்கத்துக்கு. படகைத் தூக்கிப் பிடிக்கும் வேலை பின்பக்கத்துக்கு.

கடலுக்குப் போகும் ஆழமான வீ படகில் அந்தச் சரிவு கடைசிவரை குறையாது. ரே ஹன்ட் வடிவமைத்த அப்படியொரு படகு, 24 பாகைச் சரிவோடு, 1960-ல் மயாமியிலிருந்து நசாவ் வரையான பந்தயத்தில் கொந்தளிப்பான கடலில் வென்று அந்த வடிவத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஆனால் ஆழமான வீக்கு மோட்டார் பெரிதாக வேண்டும். நின்ற இடத்தில் அது அதிகம் உருளும். மாடிஃபைட் வீ அந்த இரண்டையும் குறைத்துக்கொள்கிறது. இரண்டுங்கெட்டான் என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏரியில் மீன் பிடிப்பவர் காலையில் வேகமாகப் போக வேண்டும், போன இடத்தில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அந்த இரண்டு தேவையையும் எண்ணி வளைத்த தகடு இது.

அந்தத் தகட்டின் கதையும் தெரிந்திருந்தால் பார்வை இன்னும் கூர்மையாகும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படைக்கு விமானம் செய்த நிறுவனம் கிரம்மன். அதன் அதிகாரி வில்லியம் ஹாஃப்மன் 1944-ல் கனமான மரத் தோணியைத் தோளில் சுமந்து காட்டைக் கடந்தபோது, விமானத் தகட்டிலேயே தோணி செய்தால் என்ன என்று யோசித்தார். போர் முடியும் தறுவாயில் அலுமினியத் தோணிகள் வெளிவந்தன. மினசோட்டாவில் நியூயார்க் மில்ஸ் என்ற சிற்றூரில் ஹோவர்ட் லண்ட் 1948-ல் அலுமினியப் படகுத் தொழிலைத் தொடங்கினார். பக்கவாட்டில் வரிசையாகத் தெரியும் ரிவெட் ஆணிகளைப் பாருங்கள்: விமான இறக்கையைத் தைத்த அதே முறை. அலுமினியம் எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் சாதாரண காரே இழுத்துப் போகும். பாறையில் மோதினால் பெரும்பாலும் நசுங்குமே தவிர உடையாது. ரிவெட் படகு பல வருடம் அலையில் அடிபட்டால் ஆணிகள் தளரும். பற்றவைத்த படகில் அந்தக் கவலை இல்லை. அதில் பற்றவைப்புக் கோடு விட்டுவிட்டு இல்லாமல் சீராக ஓடுகிறதா என்று பாருங்கள்.

பான்டூன் வந்த வழியே வேறு. மினசோட்டாவில் ரிச்மண்ட் ஊரைச் சேர்ந்த ஆம்புரோஸ் வீரஸ் என்ற விவசாயி 1950-களின் தொடக்கத்தில், எஃகுப் பீப்பாய்களை இரண்டு வரிசையாகப் பற்றவைத்து, மேலே மரத்தளம் போட்டு ஏரியில் விட்டார். சாதாரணப் படகைவிட இது ஆடாமல் நிற்கும் என்று அவர் நம்பினார். அது சரியாகவே இருந்தது. இன்று பீப்பாய்க்குப் பதில் சுமார் 2 அடி விட்டமுள்ள அலுமினிய உருளைகள். உள்ளே தடுப்பு வைத்துத் தனித்தனி அறைகளாக அடைத்திருப்பார்கள். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை மிதக்க வைக்கும்.

இரண்டு உருளைகளுக்கும் நடுவே உள்ள வெற்றிடம்தான் இதில் பார்த்து ரசிக்க வேண்டியது. மிதக்கும் பொருள் இரண்டாகப் பிரிந்து எட்டத்தில் நிற்பதால், ஒருவர் ஓரத்துக்குப் போனால் அந்தப் பக்க உருளை கொஞ்சம் அமிழும், அமிழ அமிழ எதிர்த்துத் தள்ளும். எண்பது வயதுப் பாட்டி கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் நடந்து போகலாம். கரையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். வீ படகில் அதே பாட்டி ஏறும்போது இருவர் கைகொடுக்க வேண்டியிருக்கும்.

ஓடும்போது காதையும் உடம்பையும் பயன்படுத்துங்கள். வீ படகில் விசையைக் கூட்டினால் அணியம் மேலெழுந்து எதிரே எதுவும் தெரியாமல் போகும். சில நொடியில் அது தாழும், மோட்டாரின் சத்தம் இலகுவாகும், படகு தண்ணீரைத் தள்ளுவதை விட்டு அதன்மேல் ஏறிச் சறுக்கத் தொடங்கும். திருப்பத்தில் சைக்கிள் போல உட்பக்கமாகச் சாயும். இரண்டு உருளைப் பான்டூன் அப்படிச் சாயாது. திரும்பினால் மட்டமாகவே இருக்கும், சில வேளை லேசாக வெளிப்பக்கம் சாயும். நடுவில் மூன்றாவது உருளை சேர்த்து, அடியில் தூக்குப்பட்டைகள் வைத்து, பெரிய மோட்டாரும் மாட்டினால் அதுவும் நன்றாகவே சறுக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது காற்றுதான். மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதிகபட்ச ஆழமோ 42 அடிதான். விரிந்தும் ஆழமில்லாமலும் இருப்பதால் காற்று எழுந்தால் குட்டையான, செங்குத்தான அலைகள் அடுத்தடுத்து வரும். வீயின் கூரிய முன்பகுதி அவற்றைப் பிளக்கும். வேகம் அதிகமானால் தட்டையான பின்பகுதி பொத்தென்று அறையும், அப்போது வேகத்தைக் குறைத்து அலையைச் சற்றே சாய்வாகச் சந்திக்க வேண்டும். பான்டூனில் சிற்றலைகள் உருளைகளுக்கு நடுவே ஓடிவிடும், உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அலை தளத்தின் உயரத்தை எட்டிவிட்டால் அடியில் உள்ள குறுக்குச் சட்டங்களில் மோதும். முன்பக்கம் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் அணியம் அலைக்குள் குத்தித் தண்ணீர் தளத்தின்மேல் வழியும். ஆட்களைப் பின்னுக்கு நகர்த்தி அணியத்தை உயர்த்திக்கொள்ள வேண்டும், விசையைச் சட்டென்று விடக் கூடாது. இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். மேலும், பான்டூனின் சுற்றுவேலியும் மேற்கூரையும் காற்றைப் பிடித்துக்கொள்வதால் கரையோரம் கட்டுவது எளிதல்ல.

மீனுக்காகப் போகிறவர் வீயை விரும்புவது இதனால்தான். மினசோட்டாக்காரர்கள் வால்ஐ என்ற மீனைத் தேடும் விதத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். பின்பலகையருகே உட்கார்ந்து, மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்து, படகைப் பின்பக்கமாகவே மெல்லச் செலுத்துவார்கள். காற்று முதலில் அணியத்தைத்தான் தள்ளும். பின்புறம் முன்னால் போனால், ஏரியின் அடியில் ஆழம் மாறும் விளிம்பைப் பிடித்துக்கொண்டே போகலாம். அந்த நிதானமும் நுணுக்கமும் வேகப் படகுப் பந்தயத்தைவிட எனக்குப் பிடித்த காட்சி.

ஆக, பெரிய திறந்த ஏரி, அதிகாலைத் தூண்டில், கூட இரண்டு மூன்று பேர் என்றால் வீ. கைகளாகப் பிரிந்து காற்று மறைந்த ஏரி, மூன்று தலைமுறை, சாப்பாட்டுப் பாத்திரங்கள் என்றால் பான்டூன். இரண்டுக்கும் நடுவில் நின்று தயங்குகிறவர்களுக்கு நான் பான்டூனையே சொல்வேன். குடும்பப் படகு ஓடுவதைவிட நிற்கும் நேரமே அதிகம். வாங்குமுன் இரண்டையும் ஒரே ஏரியில், பிற்பகல் காற்றில், வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். டொரன்டோவில் இருப்பவர்கள் கோடையில் கவார்த்தா ஏரிகள் பக்கம் போகும்போதே இதைச் செய்துவிடலாம்.

பழைய படகு வாங்குவதானால் கண்ணுக்கு வேலை இன்னும் அதிகம். ரிவெட் வைத்த வீயை ட்ரெய்லரில் வைத்தே உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வெளியே எந்த ஆணியில் சொட்டுகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். நாலைந்து வட்டம் என்றால் சரிசெய்துகொள்ளலாம், வரிசை முழுக்க என்றால் வேண்டாம். பான்டூனில், உருளைகளின்மேல் ஏரித் தண்ணீர் விட்டுப்போன கறைக்கோட்டைத் தேடுங்கள். இரண்டு உருளையிலும் அது ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கோடு மேலே ஏறியிருந்தால் அந்த உருளைக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். விலை பேசுவதற்குமுன் விற்பவரிடம் அந்த அறையைத் திறந்து வடித்துக் காட்டச் சொல்லுங்கள்.