சிறிய என்ஜின், பெரிய சுகம்

நிட்டிங் மெஷினில் நின்று பழகிய திருப்பூர்க்காரருக்கு ஒன்று தெரியும்: நூல் எவ்வளவு உயர்ந்ததானாலும் டென்ஷன் சீராக இருந்தால்தான் துணி அழகாக விழும். காருக்கும் அதே இலக்கணம்தான்: என்ஜின் எவ்வளவு பெரியதானாலும் சமநிலை இருந்தால்தான் ஓட்டம் சுகம்.

அதற்கான சாட்சி பக்கத்து ஊரிலேயே பிறந்தது. கோவையின் எஸ். கரிவரதன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார். அதன் உயிர், நம் வீட்டு மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின். வீட்டுக் காரில் அது தந்தது 40 குதிரைத்திறனுக்கும் குறைவு. ஆனால் சுமக்க வேண்டிய எடை குறைந்ததும் அந்தச் சிறு என்ஜினுக்குச் சிறகு முளைத்தது. ஆனாலும் பலம் குறைவு என்பதால், வளைவில் இழந்த வேகத்தை நேர்ப்பாதையில் மிதித்து எளிதில் மீட்க முடியாது. எனவே ஓட்டுபவர் நிதானம் கற்றார். நரேன் கார்த்திகேயன் பந்தயத்தில் அடியெடுத்து வைத்தது இந்தக் காரில்தான். 2005-இல் அவர் ஃபார்முலா ஒன்னை எட்டினார்.

சிறு என்ஜினும் சீரான எடையும் என்ற இதே இலக்கணத்தை 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 சாலைக்குக் கொண்டுவந்தது: 1.6 லிட்டர் என்ஜின், முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதி எடை.

பெரிய என்ஜினின் பலத்தில் பாதியைக்கூட அவிநாசி சாலையில் தொட முடியாது. அளவான காரிலோ மூன்றாம் கியரும் ஒரு நல்ல வளைவும் போதும். பாரம் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறுவது உள்ளங்கையில் தெரியும். முழுதாய் ஆள முடிகிற வண்டியே சொந்த வண்டி.