வெள்ளிக்கிழமையை நோக்கி ஓடும் கிட்டார்

வேலை அலுப்பைப் பற்றிப் பாட்டெழுதுவது பெரிய காரியமில்லை. அந்த அலுப்பைக் கேட்பவருக்கு அலுக்காமல் வாசித்துக் காட்டுவதில்தான் ஒரு குழுவின் திறமை தெரியும். ஆஸ்திரேலியாவின் ‘தி ஈஸிபீட்ஸ்’ 1966 அக்டோபரில் வெளியிட்ட ‘ஃப்ரைடே ஆன் மை மைண்ட்’ மூன்று நிமிடங்களுக்குள் அதைச் செய்துகாட்டியது. உழைப்பவனின் வாரத்தைப் பாடிய ராக் பாடல்கள் நிறைய உண்டு. இதற்கு மேல் ஒன்றை என்னால் வைக்க முடியவில்லை.

முதலில் கிட்டாரைக் கவனியுங்கள். மைனர் சாயலில், ஒரே இடைவெளியில், நறுக்கு நறுக்கென்று சுரங்கள் விழுகின்றன. இழுத்து நிறுத்தி மூச்சு வாங்க இடமே இல்லை. செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் இசையைச் சொற்களில்லாமல் வாயாலேயே பாடும் ஸ்விங்கிள் சிங்கர்ஸ் குழுவைப் பார்த்ததில்தான் இந்த யோசனை பிறந்தது என்று கிட்டார் கலைஞர் ஹாரி வாண்டா சொல்லியிருக்கிறார். அங்கே அழகுக்காக ஓடிய சுரவரிசை, இங்கே விடாமல் ஓடும் இயந்திரமாகிவிட்டது.

அதன் மேல் ஸ்டீவி ரைட்டின் குரல் ஒவ்வொரு கிழமையாக ஏறுகிறது. திங்களன்று எரிச்சல், செவ்வாயன்று சற்றுத் தெளிவு. புதன் நகர மறுக்கிறது, வியாழன் ஊர்கிறது. பாடகர் ‘நாள் போகவில்லை’ என்று புலம்பும்போதும் வாத்தியங்கள் வேகத்தைக் குறைப்பதில்லை. வரிகள் மெதுவாகப் போகும் நாளைச் சொல்ல, இசை வேகமாகத் துடிக்கிறது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்பவனின் தவிப்பு இந்த முரணில்தான் கேட்கிறது. இசையமைப்பாளர்கள் சோர்வைக் காட்டத் தாளத்தைத் தளர்த்தியிருந்தால் பாட்டு அன்றே செத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்ததும் பல்லவி மேஜருக்குத் திரும்புகிறது. நடு ஓவர்களில் ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்துவிட்டுக் கடைசியில் மட்டையைச் சுழற்றும் ஆட்டக்காரரின் கணக்கு இது. அதுவரை அடக்கி வைத்ததால்தான் அந்த வீச்சுக்கு இவ்வளவு பலம். ஆனால் கொண்டாட்டம் நீடிப்பதில்லை. அடுத்த சரணம் மறுபடி அதே ஐந்து நாள் உழைப்புக்கு இழுத்துப் போகிறது. பணக்காரனுக்காக உழைப்பதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை என்கிறான் பாட்டின் நாயகன். ஒருநாள் இதை மாற்றுவேன் என்றும் சொல்கிறான். என்ன வேலை என்று மட்டும் கடைசிவரை சொல்வதில்லை. ஆலையோ கடையோ அலுவலகமோ, கேட்பவர் தன் வேலையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கக் குழுவின் பிறப்பே போதும். 1964இல் சிட்னியின் வில்லாவுட் குடியேறிகள் விடுதியில் உருவான குழு இது. ஐவருமே புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள்: ரைட்டும் டிரம்மர் ஸ்னோவி ஃப்ளீட்டும் இங்கிலாந்து, ஜார்ஜ் யங் ஸ்காட்லாந்து, வாண்டாவும் பேஸ் வாசித்த டிக் டயமண்டும் நெதர்லாந்து. பிழைப்புத் தேடி வந்த பெற்றோரின் வாரம் அவர்களுக்குத் தெரிந்த வாரம்.

ஆஸ்திரேலியாவை வென்று 1966இல் லண்டன் போனார்கள். அங்கே முதலில் பதிவு செய்தவை இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை. பிறகு தயாரிப்பாளராக வந்தவர் ஷெல் டால்மி. கிங்க்ஸ், தி ஹூ குழுக்களின் முரட்டு ஒலியை நாடாவில் பிடித்தவர். வாண்டாவும் யங்கும் எழுதிய இந்தப் பாடல் அவர் கையில் பிரிட்டனில் 6ஆம் இடம், அமெரிக்காவில் 16ஆம் இடம், ஆஸ்திரேலியாவில் முதலிடம் என்று ஏறியது. 2001இல் ஆஸ்திரேலிய இசைப் படைப்பாளிகளின் உரிமை அமைப்பான ஆப்ரா, 75 ஆண்டுகளின் தலைசிறந்த ஆஸ்திரேலியப் பாடலாக இதையே தேர்ந்தது. வாண்டாவும் யங்கும்தான் பின்னர் ஏசி/டிசியின் தொடக்க ஆல்பங்களைத் தயாரித்தார்கள். யங்கின் தம்பிகள் தொடங்கிய அந்தக் குழுவின் சிக்கனமான, விடாப்பிடியான கிட்டாருக்கு இங்கேயே விதை இருக்கிறது.

1973இல் டேவிட் போவி ‘பின் அப்ஸ்’ ஆல்பத்தில் இதை மறுபடி பாடினார். மிகப் பெரிய கலைஞர். ஆனால் அவர் குரலில் நாடகம் கூடுதல், ஒவ்வொரு கிழமையையும் நடித்துக் காட்டுகிறார். ரைட் நடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெள்ளி வரை தாங்குகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் என் வாக்கு ரைட்டுக்குத்தான்.